தனிக் குளியல் உள்ள ஜப்பானியச் சிறு விடுதி: ஓர் இரவுக்கு அவ்வளவு பணம் தகுமா?

நவம்பர் மாதம் மனைவியோடும் 68 வயதான தாயாரோடும் ஜப்பான் செல்லவிருப்பதாகவும், மூவரும் சைவ உணவுக்காரர்கள் என்பதாகவும், பிறர் முன் ஆடையின்றிக் குளிப்பது தங்களுக்கு ஒத்துவராது என்பதால் தனியாகக் குளிக்கும் வசதியுள்ள ஒரு சிறிய வெந்நீர் ஊற்று விடுதியைத் தேடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு 30,000 யென் வரை கேட்கிறார்களே, ஓர் இரவுக்கு அது தகுமா, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பவை உங்கள் கேள்விகள். தகும் என்பதே என் பதில். ஆனால் தொட்டியில் விழுவது உண்மையான ஊற்று நீராக இருக்க வேண்டும். நீங்கள் பிற்பகல் மூன்று மணிக்கே அங்கு போய்ச் சேரவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் செலவில் பாதி வீண் என்பதைப் பல ஆண்டுகள் அந்த நாட்டில் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் முறை நான் இரண்டையுமே தவறவிட்டேன்.

ரியோகான் எனப்படும் இந்த மரபு விடுதிகளை ஓட்டலோடு ஒப்பிட்டால் விலை மலைப்பாகத்தான் இருக்கும். ஓட்டலில் அறைக்கு வாடகை. இங்கே ஆளுக்குக் கட்டணம். அதில் இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, குளியல், உடுத்திக்கொள்ள யுகாதா என்னும் பருத்தி அங்கி, தத்தாமிப் பாயின் மேல் விரித்துத் தரும் படுக்கை என எல்லாம் அடங்கும். ஏழெட்டு அறைகளே உள்ள விடுதியைப் பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்துகிறது. ஒக்காமி என்று அழைக்கப்படும் வீட்டு எஜமானியம்மாள் வரவேற்பார். மகனோ மருமகனோ அடுக்களையில் இருப்பார். ஆகவே நீங்கள் விலைக்கு வாங்குவது அந்த வீட்டின் ஒரு மாலைப் பொழுதையும் மறுநாள் காலையையும் என்று கொள்ளலாம்.

இனி, ‘தனிக் குளியல்’ என்ற சொல். முன்பதிவுத் தளங்கள் இந்த ஒரே சொல்லை வெவ்வேறு ஏற்பாடுகளுக்குப் பயன்படுத்துவதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது கஷிகிரி புரோ. விடுதிக்குப் பொதுவாக உள்ள இரண்டு மூன்று சிறு குளியலறைகளில் ஒன்றை உங்கள் குடும்பத்துக்கு மட்டுமாக நாற்பது அல்லது ஐம்பது நிமிடம் ஒதுக்கித் தருவார்கள். சில விடுதிகளில் இதற்கு 2,000 யென், 3,000 யென் எனத் தனிக் கட்டணம் உண்டு, சிலவற்றில் இலவசம். நேரம் குறித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. கதவில் தொங்கும் மரப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்ற இடங்களும் உண்டு. இந்தப் பலகை முறைதான் எனக்குப் பிடித்தது. இரவு பதினொரு மணிக்கும் எழுந்து போகலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி. உங்கள் அறையின் திண்ணையிலோ பின்கட்டிலோ தொட்டி இருக்கும், இரவு முழுவதும் உங்களுக்கே. விலை மிகுதியாவது இதில்தான். மூன்றாவதாக, ஹனாரே எனப்படும் தனிக் குடில்கள்; தோட்டத்துக்குள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வீடு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியல். இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்குத் தாராளமாகச் செலவிட வேண்டியிருக்கும். உங்கள் மூவருக்கும் கஷிகிரி புரோ உள்ள நல்ல விடுதியே போதும் என்பது என் எண்ணம். நீங்களும் மனைவியும் ஒரு முறை, மனைவியும் தாயாரும் ஒரு முறை எனப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் கூச்சமில்லை.

விலை அதிகமான வகையைத் தயங்காமல் பரிந்துரைக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. அறையோடு சேர்ந்த தொட்டியில் வருவது ஊற்று நீராக இல்லாமல், சாதாரணக் குழாய் நீரைக் காய்ச்சி விட்டதாக இருக்கக்கூடும். படத்தில் ஆவி பறக்கும், பின்னால் மூங்கில் இருக்கும், எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட விடுதியில் பொதுக் குளியலுக்கு மட்டும் ஊற்று நீர் போகும்; அறைகளுக்குப் பகிர்ந்து கொடுக்க அந்த நீர் போதாது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. அறை விவரத்தில் சிறிய எழுத்தில் குறித்துத்தான் இருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை. ஆகவே முன்பதிவுக்கு முன் ‘அறைத் தொட்டியின் நீர் ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று, நீர்தானா’ என்ற ஒரு கேள்வியை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒன்சென் என்ற சொல்லுக்கே சட்டப்படி பொருள் உண்டு. 1948-ஆம் ஆண்டின் வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, பூமியிலிருந்து வெளிவரும் நீர் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஏதேனும் ஒன்று குறித்த அளவில் கலந்திருந்தாலோ அது ஒன்சென் ஆகிவிடும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பதைக் கவனியுங்கள். பூமிக்குள் நூறு மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 3 டிகிரி வெப்பம் கூடும் என்பதால், எரிமலை அருகில் இல்லாத ஊரிலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் துளையிட்டால் சட்டத்துக்குப் பொருந்தும் நீர் கிடைத்துவிடும். பெருநகரங்களின் நடுவிலும் ஒன்சென் பலகைகள் தொங்குவதற்கு இதுவே காரணம். 26 டிகிரியில் வெளிவரும் நீரைக் காய்ச்சி, வடிகட்டி, குளோரின் கலந்து சுழற்றி விடுவதும் ஒன்சென்தான். 60 டிகிரியில் பாறையிடுக்கிலிருந்து வரும் கந்தக நீரும் ஒன்சென்தான்.

ஆகவே பார்க்க வேண்டிய சொல் கென்சென் காகேநாகாஷி. ஊற்றிலிருந்து வரும் நீர் தொட்டியில் விழுந்து, விளிம்பில் வழிந்து, மீண்டும் சுழற்சிக்குப் போகாமல் வெளியேறுகிறது என்று பொருள். சுழற்சி முறையைத் தீண்டத்தகாததாக நினைக்க வேண்டாம். நீர்வரத்து குறைவான இடத்தில் பலர் குளிக்கும் பெரிய தொட்டிக்கு வடிகட்டுதலும் குளோரினும் இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி பெருகும் ஆபத்து உண்டு. ஆனால் சிறு விடுதியின் நான்கு பேர் கொள்ளும் தொட்டிக்கு அந்தத் தேவை குறைவு. குறைந்த வரத்திலேயே நீர் விரைவில் முழுவதும் மாறிவிடும். சிறிய விடுதியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள உண்மையான ஆதாயம் இதுவே. அமைதி, உபசரிப்பு என்று மற்றவர்கள் சொல்பவையெல்லாம் அதற்கு அடுத்த இடத்தில்தான்.

விடுதிக்காரர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பீர்கள். 2004-ஆம் ஆண்டு, பால் நிற நீருக்குப் பெயர்பெற்ற ஒரு மலையூரில் குளியல் பொடியைக் கலந்து நிறம் ஏற்றியது அம்பலமாகி நாடு முழுவதும் பேச்சானது. அதன் பின் 2005-இலும் 2007-இலும் விதிகள் கடுமையாயின. நீர் கலக்கப்படுகிறதா, காய்ச்சப்படுகிறதா, சுழற்சி உண்டா, பொடியோ கிருமிநாசினியோ சேர்க்கப்படுகிறதா என்பவற்றைக் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். நீரின் பகுப்பாய்வு முடிவையும் மாட்டி வைக்க வேண்டும்; அந்தப் பகுப்பாய்வைப் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். உடை மாற்றும் அறையின் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் அந்தத் தாளைக் கைபேசியின் மொழிபெயர்ப்பி கொண்டு படித்துப் பாருங்கள். ஊற்றின் வெப்பநிலை, அமிலத்தன்மை, சோடியம், கால்சியம், கந்தகம் என ஒவ்வொன்றும் கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். விடுதியின் இணையதளத்தில் இந்தத் தாளின் படத்தை ஒளிக்காமல் போட்டிருந்தால் அந்த இடத்தை நான் பாதி நம்பிவிடுவேன்.

எந்த ஊர் என்பது உங்கள் பயணவழியைப் பொறுத்தது. டோக்கியோவை விட்டு நகர நேரமில்லை என்றால் ஹகோனே. ஷின்ஜுகுவிலிருந்து சிறப்பு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கியோட்டோவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் கினோசாகி உண்டு. ஆனால் அந்த ஊரின் சிறப்பே யுகாதா அணிந்து தெருவில் நடந்து ஏழு பொதுக் குளியல் இல்லங்களுக்குப் போவதில் இருக்கிறது. விடுதிக்குள் குளியல் வைக்கலாமா என்பதற்காகவே அங்கே 1927-இல் வழக்கு தொடங்கி 1950 வரை இழுத்தது என்றால் அவர்கள் பொதுக் குளியலை எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பது விளங்கும். உங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

நேரம் ஒதுக்க முடியுமானால் க்யூஷு தீவில், குமமோத்தோ மாநிலத்தின் மினாமியோகுனியைச் சேர்ந்த குரொகாவாவுக்குப் போங்கள் என்பேன். ஃபுகுவோகாவிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஆற்றுப் பள்ளத்தாக்கின் இருபுறமும் முப்பது விடுதிகள்வரை இருக்கின்றன, பெரும்பாலும் சிறியவை. 1964-இல் மலைச்சாலை திறந்தபோது கொஞ்ச காலம் கூட்டம் வந்து, பின்பு வற்றிப்போன ஊர் இது. அங்கே கோதோ தெத்சுயா என்ற விடுதிக்காரர் பாறையை உளியால் குடைந்து குகைக் குளியல் ஒன்றை உண்டாக்கினார். திறந்தவெளிக் குளியலை எப்படி அமைப்பது, எந்த மரத்தை எங்கே நடுவது என்பதையும் மற்ற விடுதிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். போட்டியாளருக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லித் தருவதா என்று தயங்காத மனிதர். இட வசதி இல்லாமல் திறந்தவெளிக் குளியல் அமைக்க முடியாத விடுதிகளின் விருந்தினரும் பிற விடுதிகளில் குளிக்கட்டும் என்று 1986-இல் உள்ளூர் மரத்தில் செய்த வட்ட வில்லை ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். ஒரு வில்லைக்கு மூன்று குளியல். தெருக்கள் தாழ்வாரங்கள், விடுதிகள் அறைகள், ஊர் முழுதும் ஒரே விடுதி என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை. தனித்தனி விளம்பரப் பலகைகளை அகற்றினார்கள். அந்த வில்லையால் போகும் குளியல்கள் பொதுவானவை என்பதால் உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். ஆனாலும் கஷிகிரி புரோ உள்ள விடுதிகள் அங்கே நிறைய உண்டு, விடுதிக்கு விடுதி நீரின் தன்மையும் மாறும்.

நேரத்தைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பெயர் வேண்டாத ஒரு மலை விடுதிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடித்து இரவு ஏழே முக்காலுக்குப் போய் இறங்கினேன். ஆறரை மணிச் சாப்பாட்டை எனக்காகத் தள்ளிப்போட்டு, அடுப்பை அணைக்காமல் விடுதி நடத்தும் அம்மாள் காத்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. அவசரமாகச் சாப்பிட்டு முடித்தபோது தனிக் குளியலின் நேரங்களெல்லாம் நிரம்பியிருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அறைத் தொட்டியில் மட்டும் குளித்துவிட்டு வந்தேன். அது குழாய் நீர் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மூன்று மணிக்குப் போயிருந்தால் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, படுக்கைக்கு முன் ஒன்று, விடியலில் ஒன்று என மூன்று முறை குளித்திருக்கலாம்.

குளிக்கும் முறை தனிக் குளியலுக்கும் மாறாது. நமக்குக் குளிப்பது என்றால் அழுக்குப் போவது. அங்கே அழுக்குப் போன பிறகுதான் தொட்டி. சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, பிறகு இறங்கி ஊற வேண்டும். உங்களுக்கு அடுத்த குடும்பமும் அதே நீரில்தான் இறங்கப்போகிறது என்பதால் துண்டையோ சோப்பையோ நீருக்குள் கொண்டுபோகக் கூடாது. கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். எழும்போது அடைப்பைத் திறந்து நீரை வடித்துவிடக் கூடாது. நீண்ட நேரம் யாரும் இறங்காத தொட்டியில் வெப்பம் 44 டிகிரிக்கு மேலும் ஏறியிருக்கும். ஓரத்தில் ஒரு பலகை வைத்திருந்தால் அதனால் கலக்குங்கள். போதாவிட்டால் குளிர்நீர்க் குழாயைக் கொஞ்சம் திறக்கலாம், போகும்போது மூடிவிடுங்கள். கந்தக நீருள்ள அறையில் காற்றுக்காக விட்டிருக்கும் சன்னலைக் குளிருக்குப் பயந்து சாத்த வேண்டாம். அந்த ஆவி தேங்கினால் ஆபத்து. அதே கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால் உங்கள் மனைவியின் மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வைப்பது நல்லது.

தாயாருக்குச் சில எச்சரிக்கைகள். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் மலைக்குளிரில் ஆடையைக் களைந்து நேரே 42 டிகிரி நீருக்குள் இறங்குவது இளையவர்களின் உடலையே உலுக்கும். முதலில் காலில், பிறகு இடுப்பில், பிறகு தோளில் எனச் சிறு வாளியால் நீரை ஊற்றிப் பழக்கிக்கொண்டு, மார்பளவுக்கு மேல் அமிழாமல் ஐந்து நிமிடம், எழுந்து கொஞ்சம் ஓய்வு, மீண்டும் ஐந்து நிமிடம் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளின் அசதியைப் போல ஒன்று பிறகு வரும். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். திறந்தவெளித் தொட்டியின் கற்கள் வழுக்கும் என்பதால் அவரைத் தனியே விட வேண்டாம். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இல்லாமல் இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுவதும் அவருக்குக் கடினமாகலாம். கீழ்த்தளத்து அறை, தாழ்வான கட்டில், நாற்காலி ஆகியவை உண்டா என்று முன்பே கேளுங்கள்.

இனி உணவு. உங்களுக்கு உண்மையான சிக்கல் குளியலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இரவில் பரிமாறப்படும் கைசெகி என்னும் பல சிற்றுணவு வரிசையில் காய்கறியாகத் தோன்றுவது எதுவும் சைவம் என்று பொருளில்லை. சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் குழம்பு, சமைக்காத தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு என எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி. அதில் கட்சுவோபுஷி எனப்படும் உலர்மீன் சீவல் சேரும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சியை விலக்கிவிட்டு மீனை அன்போடு வைப்பார்கள். போதாக்குறைக்கு, குமமோத்தோவில் சமைக்காத குதிரை இறைச்சி விருந்துக்கான பெருமையான பண்டம். சொல்லாமல் விட்டால் அதுவே முதலில் வரும். ஆகவே இறைச்சி, கோழி, மீன், இறால், மீன் தாஷி எதுவும் வேண்டாம், கொன்பு என்னும் கடற்பாசியிலோ உலர்ந்த ஷியிட்டாக்கே காளானிலோ எடுத்த தாஷி ஆகும் என்று ஜப்பானிய மொழியில் எழுதி, முட்டை, பால் பற்றிய உங்கள் வழக்கத்தையும் சேர்த்து, முன்பதிவு செய்யும்போதே அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த பின் சொல்வதில் பயனில்லை.

பல சிறு விடுதிகள் முடியாது என்று பதில் சொல்லும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் நிற்கும் அடுக்களையில், அன்றைக்கு வாங்கிய பொருளை வைத்து எல்லா அறைக்கும் ஒரே வரிசையைச் சமைக்கிறார்கள். செய்ய முடியாததை ஏற்றுக்கொண்டு அரைகுறையாகப் பரிமாற விரும்புவதில்லை. அந்த நிலையில் ஸுதோமாரி என்ற, உணவில்லாத தங்கலைக் கேளுங்கள். கட்டணமும் கணிசமாகக் குறையும். ஆனால் பள்ளத்தாக்கு ஊர்களில் மாலையிலேயே கடைகள் அடைத்துவிடுவார்கள். கொதிநீரை விட்டாலே தயாராகும் அவல் உப்புமாவோ வேறு ஏதோ கையில் இருக்கட்டும்; அறையில் நீர் காய்ச்சும் கெண்டி இருக்கும், ஆனால் சமைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றைவிட மரபான சைவச் சாப்பாடுதான் முக்கியம் என்று தோன்றினால் கோயாசன் மலையில் விருந்தினரை ஏற்கும் 50-க்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருக்கின்றன. அங்கே ஷோஜின் ரியோரி எனப்படும் துறவியர் உணவு. மீனின் வாடையே இராது. குளியல் மட்டும் பெரும்பாலும் பொது.

பணத்தைப் பொறுத்தவரை, மூவரும் ஒரே தத்தாமி அறையில் தங்கினால் ஆள் கணக்கில் விலை குறைவது வழக்கம் என்பதால் இரண்டு அறைகள் எடுக்க வேண்டியதில்லை. குளியல் வரி என்று ஆளுக்குப் பெரும்பாலும் 150 யென் தனியாகக் கேட்பார்கள். அன்பளிப்புப் பணம் தர வேண்டாம். கடவுச்சீட்டைக் கேட்டு நகலெடுப்பார்கள். வெளிநாட்டுப் பயணிகள் எல்லாருக்கும் உள்ள விதி அது. பெரிய பெட்டிகளை அடுத்த ஊர் ஓட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு ஒரு கைப்பையோடு போங்கள். மலைப் பேருந்தில் இடமும் குறைவு, தத்தாமியில் சக்கரப் பெட்டியை உருட்டவும் கூடாது. யுகாதாவை இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை, பணிப்பெண் பதறிக்கொண்டு வந்து திருத்துவார். நவம்பரில் இலைகள் சிவக்கும் வார இறுதிகள் முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதால் செவ்வாய், புதன் இரவுகளைப் பாருங்கள். அறை உறுதியானதும் மறக்காமல் செய்ய வேண்டியது, வந்து சேரும் பேருந்தின் நேரத்தை விடுதிக்கு எழுதுவது. நிறுத்தத்திலிருந்து விடுதி தொலைவாக இருந்தால் பல இடங்களில் அவர்களே வண்டியோடு வந்து தாயாரை ஏற்றிக்கொள்வார்கள்.